மாநில அரசு கையில மிச்சம் இருக்கிற வரி எது?

நீங்க சமீபத்துல பைக் வாங்கியிருந்தா, அந்த பில்லை எடுத்துப் பாருங்க. அதுல ரெண்டு வரி இருக்கும். ஒண்ணு ஜிஎஸ்டி, இன்னொண்ணு ஆர்டிஓ பதிவுக்குக் கட்டுற வாழ்நாள் வரி. 350 சிசி வரைக்குமான பைக்குக்கு 2025 செப்டம்பர் 22ஆம் தேதியிலிருந்து ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைஞ்சது. அதை முடிவு பண்ணினது டெல்லியில கூடின ஜிஎஸ்டி கவுன்சில். வாழ்நாள் வரியை 2023 நவம்பர்ல தமிழ்நாடு அரசு ஏத்துச்சு: ஒரு லட்சம் ரூபாய் வரைக்குமான வண்டிக்கு 10 சதவீதம், அதுக்கு மேல 12.

ஒருத்தர் குறைக்கிறாங்க, இன்னொருத்தர் ஏத்துறாங்க. ஆனா மாநில அரசு ஏன் குறிப்பா வண்டி வரியில கை வைக்குதுன்னு கேட்டா, வேற எதுல கை வைக்க முடியும்ங்கிற கேள்விக்குத்தான் வந்து நிப்போம்.

2017 ஜூலை 1 வரைக்கும் நிலைமை வேற. சோப்பு, டிவி, சிமென்ட் எதுக்கு எவ்வளவு வாட் வரின்னு சென்னையில உட்கார்ந்து முடிவு பண்ணலாம். ஜிஎஸ்டி வந்ததும் அந்த அதிகாரம் கவுன்சிலுக்குப் போயிடுச்சு. அங்க ஓட்டு எப்படின்னா, ஒன்றிய அரசுக்கு மூணுல ஒரு பங்கு. மிச்ச ரெண்டு பங்கை எல்லா மாநிலமும் சமமாப் பிரிச்சுக்கணும். ஒரு மாநிலத்துக்கு ரெண்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல வரும், அவ்வளவுதான். உத்தரப் பிரதேசத்துக்கும் அதே எடைதான், சிக்கிமுக்கும் அதேதான். ஒரு முடிவு நிறைவேற நாலுல மூணு பங்கு ஓட்டு வேணும். அதாவது எல்லா மாநிலமும் ஒண்ணா நின்னாலும் ஒன்றிய அரசு ஒத்துக்காம எதுவும் நடக்காது.

மாநிலங்கள் இதுக்கு எப்படி சம்மதிச்சாங்க? வருவாய் வருஷத்துக்கு 14 சதவீதம் வளரலைன்னா குறையுற தொகையை ஈடு கட்டுறோம்னு அஞ்சு வருஷத்துக்கு உத்தரவாதம் குடுத்தாங்க. அது 2022 ஜூன் 30ஓட முடிஞ்சது. அதனாலதான் 2025ல வரியைக் குறைச்சப்போ தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா உட்பட எட்டு மாநிலங்கள் எங்களுக்கு இழப்பீடு வேணும்னு கேட்டாங்க.

சரி, மிச்சம் இருக்கிறது என்ன? மது, பெட்ரோல் டீசல், பத்திரப் பதிவு, வாகனம். சின்னச் சின்னதா வேற சிலதும் உண்டு, ஆனா பெரிய காசு இந்த நாலுலதான்.

பத்திரப் பதிவு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். 2023 பட்ஜெட்ல அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதத்திலிருந்து 2ஆகக் குறைக்கிறோம்னு அறிவிச்சார். முத்திரைத்தாள் தீர்வை 7 சதவீதத்தையும் சேர்த்தா மொத்தம் 11லிருந்து 9. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடவே இன்னொண்ணும் சொன்னார்: 2017ல 33 சதவீதம் குறைச்ச வழிகாட்டி மதிப்பைப் பழையபடி ஆக்குறோம்னு. கணக்குப் போடுங்க. 2017க்கு முன்னாடி 100 ரூபாய்னு அரசு மதிச்ச மனை, குறைச்ச பிறகு 67 ரூபாய். அதுல 11 சதவீதம்னா 7 ரூபாய் 37 காசு. மதிப்பு திரும்ப 100 ஆனா 9 சதவீதம்னா 9 ரூபாய். சதவீதம் குறைஞ்சது, மனை வாங்குறவர் கட்டுறது கூடிடுச்சு. தப்புன்னு நான் சொல்ல வரல. வழிகாட்டி மதிப்பு சந்தை விலையை விட ரொம்பக் கீழ இருந்தா மிச்சம் கறுப்புப் பணமாத்தான் கை மாறும். ஆனா தலைப்புச் செய்தியில வந்தது குறைப்பு மட்டும்தான்.

பெட்ரோல் பக்கம், 2021 ஆகஸ்ட்ல லிட்டருக்கு 3 ரூபாய் குறைச்சாங்க. அந்த மூணு ரூபாயால வருஷத்துக்கு 1,160 கோடி இழப்புன்னு அரசே சொல்லுச்சு.

அப்புறம் டாஸ்மாக். சில்லறை விற்பனை மொத்தமும் அரசு கைக்கு வந்தது 2003ல. 2024-25ல கலால், வாட் ரெண்டும் சேர்த்து அரசுக்கு வந்தது சுமார் 48,000 கோடி. மாநிலம் சொந்தமா வசூலிக்கிற வரியில ஏறத்தாழ கால்வாசி. இதை மகளிர் உரிமைத் தொகை பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2025-26 பட்ஜெட் போட்டப்போ சுமார் 1.15 கோடி பேருக்கு மாசம் ஆயிரம் ரூபாய் போயிட்டிருந்தது, அந்த பட்ஜெட்ல ஒதுக்கினது 13,807 கோடி. மது வருமானம் அதைப் போல மூணரை மடங்கு. பல வீட்டுல அம்மா அக்கவுண்டுக்கு வர்ற ஆயிரத்தை விட அந்த வீட்டிலிருந்து கடைக்குப் போறது அதிகமா இருக்கும். உரிமைத் தொகை வேணாம்னு இதுக்கு அர்த்தம் இல்ல. மாசா மாசம் அந்தப் பெண் கையில நேரடியா நிக்கிற பணம் அது. ஆனா பணக்காரங்க கிட்ட வாங்கி ஏழைங்களுக்குக் குடுக்கிறோம்ங்கிற கதையை என்னால முழுசா நம்ப முடியல. வருமான வரி போடுற அதிகாரம் மாநிலத்துக்குக் கிடையாது. விவசாய வருமானத்துக்குப் போடலாம். எந்தக் கட்சி துணியும்?

கடனும் ஒரு வழிதான். 2025-26 பட்ஜெட்ல வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 41,635 கோடி, அதாவது அன்றாடச் செலவுக்கே அவ்வளவு இடிக்குது. ஒன்றிய அரசு கடனுக்கு ஒரு உச்சவரம்பு வெச்சிருக்கிறதால அங்கயும் ரொம்ப தூரம் போக முடியாது.

அதனால டாஸ்மாக்கை மூடுவோம்னு யாராவது மேடையில சொன்னா, அந்த 48,000 கோடிக்கு பைக்கா, பத்திரமா, பெட்ரோலான்னு கேளுங்க. இல்ல, எந்தத் திட்டத்தை நிறுத்துவீங்கன்னு கேளுங்க.

கடைசியா, நிறைய பேர் கேட்ட கேள்வி: பெட்ரோலை ஜிஎஸ்டிக்குள்ள கொண்டு வந்தா விலை குறையுமே, ஏன் பண்ணல? சட்டப்படி தடை இல்ல. எந்தத் தேதியிலிருந்துன்னு கவுன்சில் முடிவு பண்ணினா போதும். 2021 செப்டம்பர்ல லக்னோவில கூடின கவுன்சில்ல, கேரள உயர் நீதிமன்றம் சொன்னதால இது பேச்சுக்கு வந்துச்சு. இப்போ அதுக்கு நேரமில்லைன்னு முடிச்சுட்டாங்க. பாஜக ஆளுற மாநிலம், ஆளாத மாநிலம்னு அதுல பெருசா வித்தியாசம் இல்ல. ஒன்றிய அரசுக்கும் அதுல கலால் வரி வருது, அதையும் விட மனசில்ல.