வீட்டுப் பூனை - 9: முதல் கத்தல்

இரவு பதினொன்றரை மணிக்கு அந்த அழைப்பு வந்தது. "டாக்டர், எங்க பூனைக்குத் தாங்க முடியாத வயித்து வலி. தரையில கிடந்து உருளுது, ஒரே கத்தல். எலி மருந்து ஏதாவது தின்னிருக்குமோன்னு பயமா இருக்கு."

வயதைக் கேட்டேன். 7 மாதம். பெர்ஷியன், பெட்டை. "இடுப்புக்கு மேல கொஞ்சம் தடவிப் பாருங்கம்மா" என்றேன். தடவியதும் அது முன்னுடலைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டதாம். வலியும் இல்லை, விஷமும் இல்லை. பூனை பருவத்துக்கு வந்திருக்கிறது.

மறுநாள் நேரில் வந்த அந்த அம்மா கேட்டார்: "பக்கத்துத் தெருவுல ஒரு பெர்ஷியன் கடுவன் இருக்கு. விட்டுடலாமா டாக்டர்?" வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதுதான் இந்த வாரம்.

பெட்டைப் பூனைகள் பெரும்பாலும் 6 முதல் 9 மாதத்துக்குள் பருவமடைகின்றன. நாட்டுப் பூனையில் 4 மாதக் குட்டியே சினையாகிவிடுவதும் உண்டு. பெர்ஷியன் சற்றுத் தாமதம். ஒரு வயது தாண்டியும் கத்தாதவை இருக்கின்றன. வயதோடு எடையும் வெளிச்சமும் இதைத் தீர்மானிக்கின்றன. உடல் இரண்டரை கிலோவை ஒட்டி வந்து, நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சமும் கண்ணில் பட்டால் சூலகம் வேலையைத் தொடங்கிவிடும். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் பூனைகள் அடங்கிக் கிடப்பது இதனால்தான். சென்னையில் மார்கழியிலும் பகல் பதினொன்றே கால் மணி நேரத்துக்குக் குறையாது. இருட்டியதும் டியூப்லைட்டைப் போட்டுவிடுகிறோம். நம் வீட்டுப் பூனைக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று இல்லை.

ஒரு வாரம் போலக் கத்தும். கடுவன் சேராவிட்டால் அடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி தொடங்கும். மாட்டுக்கும் நாய்க்கும் கருமுட்டை தானாக வெளிவரும். பூனைக்குப் பெரும்பாலும் அப்படி வருவதில்லை. கடுவனின் உறுப்பில் சின்னஞ்சிறு முட்கள் உண்டு. பிரியும் நொடியில் பெட்டை வீறிட்டு அலறித் திரும்பி அறையும். அந்த உறுத்தல் மூளைக்குப் போய், அங்கிருந்து ஹார்மோன் சுரந்து, ஓரிரு நாளில் முட்டைகள் வெளிவரும். ஒருமுறை சேர்ந்தால் பல சமயம் போதாது. ஒரே நாளில் பலமுறை சேரும். வெவ்வேறு கடுவன்களோடு சேர்ந்தால், ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்குத் தகப்பன்கள் வேறு வேறாக இருக்கலாம். மொட்டை மாடி வழியே இரண்டு நாள் காணாமல் போய்த் திரும்பிய பூனையின் குட்டிகள் ஒன்றுக்கொன்று சாயலே இல்லாமல் இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆக, கத்தும் பூனை சினையாகும். ஆனால் குட்டி போட்டு வளர்க்க அது தயாரா என்பது தனிக் கேள்வி. 7 மாதப் பெர்ஷியனின் எலும்பே இன்னும் வளர்ந்து முடியவில்லை. வயிற்றில் வளரும் குட்டிக்கும் பிறகு பாலுக்கும் சுண்ணாம்புச் சத்தைத் தன் உடம்பிலிருந்துதான் அது எடுத்துக் கொடுக்க வேண்டும். தட்டை முகமும் உருண்டைத் தலையும் உள்ள இனம் என்பதால் குட்டி வழியில் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். தலை சிக்கிய குட்டியோடு விடியற்காலையில் தூக்கி வரப்பட்ட இளம் பூனைகளை அறுவை மேசையில் பார்த்தவன் நான். முதல் இரண்டு மூன்று பருவங்களைக் கடத்திவிடுங்கள். வயது ஒன்றைத் தாண்டட்டும். ஒன்றரை ஆனால் இன்னும் நல்லது. எடை 3 கிலோவுக்குக் குறையக் கூடாது. கத்தலை நிறுத்த ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அது கருப்பையில் சீழையும் மடியில் கட்டியையும் கொண்டுவரும்.

தடுப்பூசிகளை இணை சேர்ப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். சினையான பிறகு போடும் சில ஊசிகள் குட்டியின் மூளையைப் பாதிக்கும். பூனை லுகேமியா பரிசோதனை கடுவனுக்கும் சேர்த்துத்தான்.

பெர்ஷியன் வளர்ப்பவர்கள் அவசியம் செய்ய வேண்டியது இன்னொன்று: சிறுநீரக நீர்க்கட்டி நோய்க்கான மரபணுச் சோதனை. பல நாடுகளில் சோதித்தபோது, பெர்ஷியன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இந்தக் கோளாறு இருந்தது. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கட்டிகள் பிறவியிலேயே பொடியாக இருந்து மெல்லப் பெருக்கும். சிறுநீரகம் தளர்ந்து நோய் வெளியே தெரிய ஏழெட்டு வயதாகிவிடும். அதற்குள் அந்தப் பூனை நாலைந்து ஈற்றுக் குட்டிகளைப் போட்டு, அவை ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். சோதனைக்குச் சில சொட்டு ரத்தமோ கன்னத்தின் உட்புறம் தேய்த்த பஞ்சோ போதும்.

அந்த அம்மா பொறுமையாகக் காத்திருந்தார். பூனைக்கு 14 மாதம் ஆனபோது சோதனைக்கு அனுப்பினோம். மரபணுக் கோளாறு இருந்தது. முடிவைக் கேட்டு அழுதார். குட்டிக்காக இரண்டு உறவினர்கள் காத்திருந்தார்களாம். அந்த வாரமே கருத்தடை செய்தோம். பூனைக்கு இப்போது 4 வயது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனைக்கு வருகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது.

உங்கள் பூனை முதல்முறை கத்திய தேதியை இன்றே நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

(அடுத்த வாரம்: சினைப் பூனையின் 9 வாரங்கள்)