எக்ஸ் கதிர் இரும விண்மீன்களின் திரள்வட்டும் ஒளி நிறமாலையும்

ஒரு சாதாரண விண்மீனும் ஒரு கருந்துளையும் (அல்லது நியூட்ரான் விண்மீனும்) ஒன்றையொன்று சுற்றிவந்து, அங்கிருந்து வலுவான எக்ஸ் கதிர் வெளிப்பட்டால் அது எக்ஸ் கதிர் இரும விண்மீன் எனப்படும். விண்மீனிலிருந்து இழுக்கப்படும் வாயு நேராக உள்ளே விழுவதில்லை. அதற்குக் கோண உந்தம் இருப்பதால் சுற்றிச் சுற்றித் தட்டையான வட்டாகிறது. இதுவே திரள்வட்டு. மிக வெப்பமான உட்பகுதி எக்ஸ் கதிரையும், குளிர்ந்த வெளிப்பகுதி கண்ணுறு ஒளியையும் தருகின்றன.

அன்ன விண்மீன் குழுவிலுள்ள வி404 சிக்னியை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 7,800 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் தொலைநோக்கியில் ஓர் ஒளிப்புள்ளி மட்டுமே தெரியும். வட்டின் வடிவைப் பார்க்க முடியாது. அப்புள்ளியின் ஒளியை நிறமாலைமானியில் பிரித்தே வட்டை அறிய வேண்டும்.

ஹைட்ரஜனின் சிவப்பு உமிழ்கோடு 656.3 நானோமீட்டரில் அமைவது. சுழலும் வட்டின் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, மறுபாதி விலகிச் செல்கிறது. ஆகவே டாப்ளர் விளைவால் கோடு நீலப்பக்கம் ஒன்றும் சிவப்புப்பக்கம் ஒன்றுமாக இரு முகடுகளாகிறது. ஒரு முகடு 1.1 நானோமீட்டர் விலகியிருந்தால், 1.1 ÷ 656.3 × 3,00,000 எனக் கணக்கிட, வேகம் நொடிக்குச் சுமார் 500 கி.மீ. வட்டு சாய்ந்திருந்தால் இது உண்மை வேகத்தின் ஒரு கூறு மட்டுமே.

மாணவர்கள் தடுமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. முகடுகள் வட்டின் உள்விளிம்பைக் காட்டுவன அல்ல. நெப்டியூனைவிடப் புதன் வேகமாகச் சுற்றுவதுபோல, வட்டிலும் உட்பகுதிக்கே வேகம் மிகுதி. எனவே உள்ளே இருக்கும் வாயு கோட்டின் அகன்ற ஓரங்களில் தெரியும். பரப்பு மிகுந்த வெளிப்பகுதிதான் முகடுகளை உண்டாக்குகிறது.

வட்டு மங்கியிருக்கும் காலத்தில் துணை விண்மீனின் உட்கவர்கோடுகளை அளக்கலாம். 1992-இல் அவை 6.5 நாள்களுக்கு ஒருமுறை முன்பின் அசைவது கண்டறியப்பட்டது. மறைந்திருக்கும் பொருள் சூரியனைப்போல் குறைந்தது 6 மடங்கு நிறையுள்ளது எனத் தெரிந்தது. நியூட்ரான் விண்மீனுக்கு அவ்வளவு நிறை இருக்க முடியாது, அது கருந்துளையே.

26 ஆண்டுகள் அடங்கியிருந்த வி404 சிக்னி 2015 ஜூனில் மீண்டும் வெடித்தொளிர்ந்தது. கேனரித் தீவுகளில் உள்ள 10.4 மீட்டர் தொலைநோக்கி எடுத்த நிறமாலையில், ஹீலியத்தின் 587.6 நானோமீட்டர் உமிழ்கோட்டின் நீலப்பக்கம் ஒரு பள்ளம் காணப்பட்டது. வட்டிலிருந்து நம்மை நோக்கி வீசும் காற்று, பின்னிருந்து வரும் ஒளியை உட்கவர்வதால் உண்டாகும் பள்ளம் அது. (இவ்வடிவத்துக்குப் பெயர் கொடுத்த பி சிக்னி விண்மீனும் அதே அன்னக் குழுவில்தான் இருக்கிறது!) காற்றின் வேகம் நொடிக்கு 3,000 கி.மீ. வரை, அதாவது ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய வட்டு இருந்தும் வெடிப்பின் உச்சநிலை இரு வாரங்களுக்குள் தணிந்ததற்கு, வாயுவின் பெரும்பகுதியை இக்காற்று வெளியே அடித்துச் சென்றதே காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.