பிஸ்ட்ரோவில் ஒரு கெங்குவார்பட்டிக்காரன்!

சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கத்தியை எடுத்தால் எங்க ஊர்ப்பக்கம் போலீஸ் வரும். பாண்டிச்சேரியில் எடுத்தேன்... சூப் வந்தது!

"மாப்ளே, வலது கையில கத்தி, இடது கையில முள்கரண்டி. மானத்தை வாங்கிராத" என்றான் நண்பன். அவனும் கெங்குவார்பட்டிதான். கொடைக்கானலுக்கு மலை ஏறும் முன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே நீங்கள் கடந்திருப்பீர்களே, அந்த ஊர். இப்போது பாண்டியில் வேலை. "வா, பிரெஞ்சு பிஸ்ட்ரோவுக்குப் போவோம். ஆனா பில்லு உன்னுது" என்று இழுத்துப் போனான்.

1954-லேயே பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சமையலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, மஞ்சள் சுவர் வீடு. மொத்தமே எட்டு மேஜை. மெனு கார்டு கேட்டேன், சுவரைக் காட்டினார்கள். கரும்பலகையில் சாக்பீஸ் எழுத்து. 'ப்ளா து ஜூர்' என்று தலைப்பு. என்னமோ ஏதோ என்று பயந்து அர்த்தம் கேட்டால்... 'இன்றைய ஸ்பெஷல்'! அட, நம்ம மெஸ் வாசலில் 'இன்று நாட்டுக்கோழி' என்று எழுதி வைப்பார்களே, அதுதான் சார் இது!

முதலில் வெங்காய சூப். வெங்காயத்தை வெண்ணெயில் பழுப்பேற நிதானமாக வதக்கி, கறிச்சாறு ஊற்றி, மேலே ரொட்டித் துண்டும் உருகிய சீஸும். அடுத்து ஒயினில் வேகவைத்த கோழி. முற்றின சேவல் கறியைப் பதமாக்க அங்கே கிராமத்தில் கண்டுபிடித்த உபாயமாம். முரட்டு ஆட்டுக்கறிக்கு நாம் பப்பாளிக்காய் போடுகிற மாதிரி. கடைசியில் தட்டில் நின்ற குழம்பை ரொட்டியால் வழித்தேன். "அய்யோ, யாராச்சும் பார்க்கப்போறாங்க" என்று பதறினேன். "பார்க்கட்டும். பிரான்ஸ்லயும் இப்படித்தான் வழிப்பாங்க" என்றான்.

பிஸ்ட்ரோ என்றால் நட்சத்திர ஓட்டல் இல்லையாம். தெருமுனைச் சாப்பாட்டுக் கடைதான். 1814-ல் பாரிஸுக்குள் நுழைந்த ரஷ்யச் சிப்பாய்கள் 'பிஸ்த்ரா' (சீக்கிரம்) என்று கத்தியதால் வந்த பேர் என்பார்கள். கேட்க ஜோர்! ஆனால் அந்தச் சொல் அச்சில் தென்பட்டதே 1880-களில்தான் என்பதால் மொழி அறிஞர்கள் நம்புவதில்லை.

இதே ஜாதியில் பாரிஸில் 'ஷார்த்தியே' என்றொரு பழைய கடை, 1896-ல் ஆரம்பித்தது. சர்வர் மேஜையில் விரித்த காகிதத்திலேயே கணக்கு எழுதிக் கூட்டிவிடுவார். தினம் வருகிறவர்களின் கைத்துண்டை வைக்க அந்தக் காலத்தில் நம்பர் போட்ட இழுப்பறைகூட இருந்ததாம்.

நண்பன் இதைச் சொன்னதும் எனக்குத் தொண்டையில் ரொட்டி சிக்கியது.

எனக்கும் ஒரு நம்பர் இருந்தது. பி.காம். முடித்து வேலையில்லாமல் எட்டு மாசம் ஊர் மெஸ்ஸில் சாப்பிட்டேன். அக்கா நோட்டில் என் பேருக்கு ஒரு பக்கம். பற்று நிறைய, வரவு நில்! "வேலை கிடைச்சதும் குடு தம்பி" என்பார்கள். கிடைத்தது. கொடுக்கவில்லை. முதல் மாசம் மறதி. பிறகு வெட்கம். ஊருக்குப் போனால் மெஸ் கண்ணில் படக்கூடாது என்று முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடப்பேன். பத்து வருஷம் ஓடிப்போச்சு. பாக்கி ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.

பிஸ்ட்ரோ பில் வந்தது. இரண்டு பேருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்!

"அக்கா இன்னும் மெஸ் நடத்துதாடா?"

"நடத்துது. பொங்கலுக்குப் போனப்ப உன்னைத்தான் கேட்டுச்சு."

"பாக்கியையா?"

"இல்ல மாப்ளே. 'அந்தத் தம்பி இப்ப எங்க சாப்பிடுது'ன்னு கேட்டுச்சு."

அடுத்த சனிக்கிழமை ஊர் ஸ்டாப்பிலேயே இறங்கினேன். வாசல் சிலேட்டில் 'இன்று அயிரை மீன் குழம்பு'. இரண்டாயிரம் ரூபாயை நீட்டினேன். "அந்த நோட்டு எப்பவோ எடைக்குப் போயிருச்சே! எம்புட்டுன்னு நீயே சொல்லு" என்றார்கள். சொன்னேன். சரியாக ஆயிரத்து நூற்று நாற்பதை எடுத்துக்கொண்டு மீதியை என் கையில் திணித்து, இலை போட்டார்கள்.

குழம்பை வழித்துச் சாப்பிட்டு எழுந்தேன்.

"தம்பி, இன்னைக்குச் சாப்பாட்டுக்கு நூறு ரூவா. கையோட குடுத்துட்டுப் போ!"