பச்சைக் கார் ஏன் பின்னாலேயே ஓடியது?

பினாங்கின் பாயான் பாரு மாமாக் உணவுக் கடைகளில் ஃபார்முலா 1 பார்த்தவர்களுக்கு மலேசியத் தொழிலதிபர் டோனி ஃபெர்னாண்டஸின் பச்சை லோட்டஸ் காரை நினைவிருக்கும். 2010-இல் களமிறங்கி, 2012-இல் கேட்டர்ஹாம் என்று பெயர் மாறிய அந்த அணி, ஐந்து பருவங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஏன்?

போட்டியிட அனுமதி கிடைத்தது 2009 செப்டம்பரில். முதல் பந்தயம் அடுத்த மார்ச்சில். அவசரத்தில் பிறந்த கார் அது. கியர், கிளட்ச் எல்லாம் ஹைட்ராலிக் அழுத்தத்தில் இயங்குபவை. ஒரு கசிவு போதும், வண்டி நின்றுவிடும். முதல் ஆண்டில் அது அடிக்கடி நடந்தது. 2011-இல் ரெனோ எஞ்சினும் ரெட்புல் கியர்பாக்ஸும் வாங்கினார்கள். அப்படியும், சென்னை ஓட்டுநர் கருண் சந்தோக் அந்த ஆண்டு ஜெர்மனியில் ஓட்டி 20-ஆவதாகத்தான் வந்தார்.

எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கலாம்; காற்றை வாங்க முடியாது. இறக்கைகளும் அடித்தளமும் காற்றால் காரைத் தரையோடு அழுத்துகின்றன. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. அழுத்தம் குறைந்த காரில் டயர் வழுக்கும், மேற்பரப்பு சூடேறும், பிடிப்பு போகும். வளைவில் வேகம் குறைய, அழுத்தம் இன்னும் சரியும்.

சரி, புது இறக்கை செய்தால் என்ன? காற்றுச் சுரங்கத்தில் சோதிப்பது சிறிய மாதிரியை. அங்கே கிடைத்த எண் பாதையில் பொய்த்தால் பணம் வீண். பலித்தாலும், எதிரணிகள் அதற்குள் முன்னேறியிருக்கும். பரிசுப் பணமோ தரவரிசையைப் பொறுத்தது: 2012-இல் 10-ஆம் இடம், 2013-இல் 11. ஃபெர்னாண்டஸ் 2014 ஜூலையில் அணியை விற்றார்.