குடிப்பவன் ஒருவன்; தள்ளாடுவது குடும்பம்!

சின்னாளப்பட்டிச் சேலையைப் புகழாதார் யார்? ஆனால், அந்தச் சேலை ஒரு கையால் உருவாவதல்ல. கணவன் தறியில் அமர, மனைவி தார் சுற்றித் தர, வீடே உழைத்தால்தான் ஒரு சேலை! அவ்வீட்டில் ஒருவன் மதுவுக்கு அடிமையானால் நிற்பது தறி மட்டுமா? அடுப்பும் அல்லவா அணைகிறது!

இந்த உண்மையைத் திரையிலே காட்டிய படம், தினகரன் சிவலிங்கம் இயக்கி, 2025 ஜனவரியில் வெளிவந்த ‘பாட்டல் ராதா’. கட்டடத் தொழிலாளி ராதாமணியாகக் குரு சோமசுந்தரம். அவன் மனைவி அஞ்சலமாகச் சஞ்சனா நடராஜன். குடியை விட முடியாத கணவனை, மறுவாழ்வு இல்லத்தில் சேர்க்கிறாள் அந்தப் பெண்.

1953-இல் ‘தேவதாஸ்’ வந்தது. காதலில் தோற்றுக் குடித்து மாண்ட கதாநாயகனுக்காக நாடே அழுதது. ஆனால், தேவதாசுக்கு மனைவியில்லை. அரிசிக்கு அலையும் வேலை யாருக்குமில்லை! ராதாமணிக்கோ குடும்பம் உண்டு. அவன் குடிக்கும் ஒவ்வொரு குப்பிக்கும் விலை கொடுப்பவள் அஞ்சலம். நம் கண்ணீர் யாருக்கு உரியது?

“மனமிருந்தால் விட்டுவிடலாமே!” என்பார் சிலர். அவ்வளவு எளிதா அது? அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-லேயே குடியடிமையை மருத்துவம் பார்க்க வேண்டிய நோயென ஏற்றது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம் வரும், வலிப்பும் வரலாம், உயிரே போகலாம். ஆகவே, வேண்டுவது வசையல்ல, மருத்துவர். மீண்டவர் மறுபடி சறுக்குவதும் உண்டு. அப்போதும் சிகிச்சையைக் கைவிடலாகாது.

அடி உதையும் அவமானமும் தாங்கிய மனைவிக்கோ? அவளுக்கும் ஆறுதல் வேண்டும், பாதுகாப்பு வேண்டும். குடிப்போரின் குடும்பத்தாருக்கென்றே ‘அல்-அனான்’ என்ற அமைப்பு 1951-இல் அமெரிக்காவில் தோன்றியது இதனால்தான்.

தமிழகத்தில் 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. பின்னர் மறுபடி போயிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையும் அரசு நிறுவனத்தின் கையில். விற்பதற்கு ஊர்தோறும் கடை வைக்க முடிந்த அரசால், மீட்பதற்கு ஊர்தோறும் மருத்துவம் வைக்க முடியாதா? கேட்கிறோம்!

தாய்மார்களே, வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். போதை மீட்புக்கான கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 14446. அவன் திருந்தும் நாள்வரை காத்திராமல், இன்றே கேளுங்கள் — அவனுக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும்!