பசியோடு வரத் தேவையில்லை

கர்ப்பகால நீரிழிவு என்பது, அதுவரை சர்க்கரை நோய் இல்லாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கருவுற்ற காலத்தில் முதன்முதலாகத் தெரியவரும் இரத்தச் சர்க்கரை மிகுதியாகும். அதைத் தூண்டுவது கருவை வளர்ப்பதற்கென்றே உருவாகும் நஞ்சுக்கொடிதான். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், கருவுக்குப் போதிய சர்க்கரை மீந்திருக்கும் பொருட்டுத் தாயின் தசைகளில் இன்சுலினின் வேலையை மந்தமாக்குகின்றன. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதை ஈடுகட்டிவிட, அவ்வாறு இயலாதவர்களுக்குச் சர்க்கரை ஏறுகிறது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும், தாயின் இன்சுலின் கடக்காது என்பதே இதன் சிக்கல். ஆகவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் கருவின் சின்னஞ்சிறு கணையமே அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கிறது. குழந்தை கொழுத்து வளர்கிறது. தொப்புள்கொடி அறுபட்டதும் சர்க்கரை வரத்து நின்றுபோக, இன்சுலின் மட்டும் மிஞ்சியிருப்பதால் பிறந்த சில மணி நேரத்துக்குள் குழந்தையின் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும்.

தமிழ்நாட்டில் 2005 முதல் 2007 வரை மருத்துவர் வி. சேஷய்யா தலைமையில் நடந்த கள ஆய்வு, இந்நிலை நகர்ப்புறக் கர்ப்பிணிகளில் 17.8 விழுக்காட்டினருக்கும், நகரமும் கிராமமும் கலந்த பகுதிகளில் 13.8 விழுக்காட்டினருக்கும், கிராமங்களில் 9.9 விழுக்காட்டினருக்கும் இருப்பதைக் காட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் இம்மூன்று வகை வாழ்க்கையும் ஒரே குடும்பத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பதால் அந்த எண்களுக்கு இங்கே தனிப்பொருள் உண்டு: மாமியார் ராகிக் கொல்லையில் களையெடுக்க, மருமகள் சிப்காட் தொழிற்பேட்டை ஆலையில் ஷிப்ட் முறையில் உட்கார்ந்த வேலை பார்க்கிறாள்.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்த நீரிழிவுக்கான பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007இல் ஆணையிட்டது. அதற்கு வழிவகுத்தது சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் முன்வைத்த எளிய முறை ஆகும். 75 கிராம் குளுக்கோசை ஏறக்குறைய 300 மில்லி தண்ணீரில் கரைத்து ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுக்கிறார்கள். சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளப்படும். குடித்த அரைமணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மட்டும் இன்னொரு நாள் மறுபடி குடிக்க வேண்டும். இதற்குப் பசியோடு வரத் தேவையில்லை என்பதில்தான் இம்முறையின் அருமை இருக்கிறது. வெறும் வயிற்றில் வரச் சொல்லும் உலகளாவிய முறைகளோடு ஒப்பிடும்போது இது சிலரைத் தவறவிடுகிறது என்ற விமர்சனம் ஆய்வாளரிடையே உண்டு, அதைப் புறந்தள்ளவும் முடியாது. ஆயினும் அஞ்செட்டி மலைப்பகுதியிலிருந்து பேருந்து பிடித்து வருபவளிடமும், இரவு ஷிப்ட் முடித்து நேராக வருபவளிடமும் வெறும் வயிற்றைக் கேட்கும் பரிசோதனை, பெரும்பாலும் நடக்காமலே போகும் பரிசோதனை ஆகிவிடும்.

முதல் செக்கப்பிலும், அதில் இல்லையென்றால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுபடியும் பார்க்க வேண்டும் என்பது தேசிய வழிகாட்டுதல். சர்க்கரை இருப்பது உறுதியானால் இரண்டு வாரம் உணவு முறையையும் நடைப்பயிற்சியையும் கடைப்பிடித்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 120க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையெனில் மெட்ஃபார்மின் அல்லது இன்சுலின் தொடங்கப்படும். உணவைப் பொறுத்தவரை இவ்வட்டாரத்தில் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: ராகி சர்க்கரைக்கு நல்லது, ஆகவே எவ்வளவும் உண்ணலாம் என்பதே அது. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் ராகியில் மிகுதிதான். எனினும் நைஸாக அரைத்த மாவில் கிளறிய களியும் குழையக் காய்ச்சிய கூழும் சர்க்கரையை விரைவாகவே ஏற்றுகின்றன. களி ஓர் உருண்டையோடு நின்று, கூட அவரைக்காய்க் குழம்பும் கீரை மசியலும் நிறைய இருந்தால் சர்க்கரை மெல்ல ஏறும். கிருஷ்ணகிரியின் மாம்பழப் பருவத்தில் பழத்தை அறவே விலக்கச் சொல்வதைவிட, ஓரிரு துண்டு உண்டு, அன்றைய களியைக் குறைத்துக்கொள்ளச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கண்காணிப்பு தளர்வது பிரசவத்துக்குப் பிறகுதான். நஞ்சுக்கொடி வெளியேறியதும் பலருக்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பிவிடுவதால் அத்துடன் கதை முடிந்ததாகக் குடும்பம் எண்ணிவிடுகிறது. ஆனால் இப்பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு மிகுதி. பெங்களூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கே கர்நாடகத்தின் கர்ப்பிணிப் பதிவு அட்டையான தாயி கார்டில் பதிவுபெற்று, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணின் சர்க்கரைக் குறிப்பு இரு மாநிலப் பதிவேடுகளுக்கு இடையில் தொலைந்துபோவது எளிது. நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. இன்று சர்க்கரை இயல்புக்குத் திரும்பியது என்று மகிழ்பவள் பத்தாண்டு கழித்து அத்திட்டத்தின் பட்டியலில் இடம்பெறாமலிருக்க, பிரசவமான ஆறாவது வாரத்தில் மறுபடியும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பது அவசியம். அதே ஆறாவது வாரத்தில்தான் குழந்தைக்கு முதல் பென்டாவேலண்ட் தடுப்பூசியும் போடப்படுகிறது என்பதால் தாய் எப்படியும் சுகாதார நிலையத்துக்கு வருவாள். அந்த ஒரு நாள் மட்டும் அவள் காலையில் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டியிருக்கும்.