நூற்றுக்கு இரண்டரை வாங்கினால் "பாஸ்"!

நிலாவாரை இலைக்குச் சோதனைச்சாலையில் நடக்கும் பரீட்சை

பரீட்சையில் நூற்றுக்கு இரண்டரை மார்க் வாங்கி வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? முதுகில் பூசை விழும்! ஆனால் இரண்டரை வாங்கினாலே "பாஸ்" ஆகிவிடுகிற ஓர் இலை நம் கரிசல் காட்டில் விளைகிறது. அதுதான் நிலாவாரை.

விருதுநகர், தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் ஐப்பசி மழையை நம்பி இதை விதைக்கிறார்கள். சிறிய செடி. மஞ்சள் பூ. தட்டைக் காய். இலையும் காயும் பேதி மருந்து. காய்ந்த இலை மூட்டை மூட்டையாகத் தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது.

இதன் பூர்வீகம் அரபு நாடும் சோமாலியாப் பக்கமும். "சனா" என்ற அரபுச் சொல்தான் ஆங்கிலத்தில் "சென்னா" ஆயிற்று. 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்ற வெள்ளைக்காரர் இதைத் தோட்டப் பயிராக வளர்த்தார். சரக்குக்குத் "திருநெல்வேலி சென்னா" என்று பெயர் நிலைத்துவிட்டது. விருதுநகர்க் காட்டில் விளைந்தாலும் வெளிநாட்டில் அதே பெயர்தான். நம் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்!

கைப்பிடி என்றால் எவ்வளவு?

"ஒரு கைப்பிடி இலையைக் கொதிக்க வைத்துக் குடி" என்பார்கள் பெரியவர்கள். யாருடைய கைப்பிடி? பாட்டியின் கையா, பேரனின் கையா? சரி, கை ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். இலை ஒன்றா? இளம் இலையில் சத்து அதிகம். முற்றிய இலையில் குறைவு. மழையில் நனைந்து புழுங்கிய இலை கெட்டுவிடும். ஆகவே ஒரு தடவை ஒன்றுமே நடக்காது. அடுத்த தடவை ஆளையே படுக்க வைத்துவிடும்!

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்ட வேண்டுமானால், இலைக்குள் வேலை செய்யும் பொருள் எது என்று தெரிய வேண்டும். சுவிட்சர்லாந்து நாட்டு பாசல் நகரில், ஆர்தர் ஸ்டோல் என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 1941-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். "சென்னோசைடு" என்று பெயர் வைத்தார்கள்.

இது ஒரு தந்திரமான பொருள். சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு வயிற்றையும் சிறுகுடலையும் சும்மா கடந்துபோகும். பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைப் பிரித்த பிறகுதான் வேலை தொடங்கும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ராத்திரி சாப்பிட்டால் காலையில் பலன் கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

புழுக்கையை எண்ணிய விஞ்ஞானிகள்

பொருள் தெரிந்தது. எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது எப்படி? 1949-ல் பிரிட்டனில் வெளியான முறை வேடிக்கையானது. சுண்டெலிகளுக்கு மருந்தைக் கொடுத்து, எத்தனை ஈரப் புழுக்கை போடுகிறது என்று எண்ணினார்கள்! படித்துப் பட்டம் பெற்றவர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள்.

பிறகு நிறத்தை அளக்கும் முறை வந்தது. இலைச் சாற்றை அமிலம் சேர்த்துக் காய்ச்சி, ஈதரில் பிரித்து, மக்னீசியம் அசிடேட் கலந்தால் சிவப்பு நிறம் தோன்றும். சிவப்பு எவ்வளவு ஆழமோ, சத்து அவ்வளவு அதிகம். அதைக் கருவி எண்ணாகச் சொல்லிவிடும். 100 கிராம் காய்ந்த இலையில் குறைந்தது 2.5 கிராம் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து நூல் விதித்தது. அதுதான் நாம் மேலே சொன்ன இரண்டரை!

ஆவாரை வந்து கலந்தால்?

சத்துப் பரீட்சை மட்டும் போதாது. "நீ நிலாவாரைதானா?" என்றும் கேட்க வேண்டும். மல்லாங்கிணற்றில் ஆவாரையைத் தெரியாதவர் உண்டா? பொங்கலுக்குக் காப்புக் கட்டுவோமே, அதே ஆவாரைதான். அது நிலாவாரைக்குச் சொந்தக்காரச் செடி. ஆனால் அதில் இந்தப் பேதிச் சத்து இல்லை. முன்பெல்லாம் அதன் இலையை நிலாவாரையோடு கலந்துவிடுவார்கள். தூளாக்கிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 80 சதவிகிதக் கந்தக அமிலம் ஒரு சொட்டு விட்டால், ஆவாரைத் தூள் செக்கச் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

எகிப்து வழியாக வரும் சென்னாவைப் பிரித்தறிவது இன்னும் நுட்பம். இலையின் தோலில், மூச்சுத் துளைகளையும் சேர்த்து 100 அணுக்களை எண்ணினால், நம் ஊர் இலையில் 17 முதல் 20 வரை துளைகள் இருக்கும். எகிப்துச் சரக்கில் 11 முதல் 13 வரைதான்.

அடுத்தது மண். இலையைச் சுட்டுச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை அமிலத்தில் போடுகிறார்கள். இலையின் சாம்பல் பெரும்பாலும் கரைந்துவிடும். கரையாமல் அடியில் நிற்பது களத்து மணல்! அது இலையின் எடையில் 2.5 சதவிகிதத்தைத் தாண்டினால் சரக்குத் தேறாது. வெறும் தரையில் போட்டு உலர்த்துகிற விவசாயிக்கு இங்கேதான் நஷ்டம். பாயிலோ தார்ப்பாயிலோ மெல்லிசாகப் பரப்பி, நிழலில் உலர்த்தினால் மண்ணும் ஒட்டாது, பச்சை நிறமும் போகாது. பழுத்ததையும் காம்பையும் சேர்த்து உருவி எடை கூட்ட நினைத்தால் அதுவும் பிடிபடும். காம்பு போன்ற பிற பாகங்கள் 3 சதவிகிதத்துக்கு மேல் கூடாது என்றும் விதி இருக்கிறது.

வீட்டுக் கணக்கு

இனி நம் வீட்டுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் தன்னுடைய அவசியமான மருந்துகளின் பட்டியலில் சென்னாவையும் சேர்த்திருக்கிறது. மருந்துக் கடை மாத்திரைகளில் ஒரு வகையில் இருப்பது 7.5 மில்லிகிராம் சென்னோசைடு. பரீட்சையில் தேறிய இலை ஒரு கிராமில் இருப்பதோ குறைந்தது 25 மில்லிகிராம். அதாவது மூன்று மாத்திரைக்கு மேல்! ஒரு கைப்பிடியில் எத்தனை கிராம் பிடிக்கும் என்று தாய்மார்கள் தராசில் போட்டுப் பார்க்கட்டும். அந்தக் கைப்பிடியைக் காய்ச்சிப் பச்சைக் குழந்தைக்குப் புகட்டுகிற வீடுகளும் உண்டு.

நாள்தோறும் குடிப்பதும் தவறு. விடாமல் பேதியானால் உடம்பிலுள்ள பொட்டாசியம் உப்பு குறைந்து, கை கால் தளர்ந்துபோகும். காரணம் தெரியாத வயிற்று வலிக்கு நிலாவாரை கொடுக்கவே கூடாது. நேராக டாக்டரிடம் போக வேண்டும்.